புருஷன் எழுதிய எரர் மெசேஜ்

கோபமாக இருக்கும்போது துணி துவைக்கலாம், அழுக்கு நன்றாகப் போகும். தேங்காய் துருவலாம். புருஷன் எழுதிய புரோகிராமை மட்டும் ரிவியூ பண்ணக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.)

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனியில், ஒரே டீமில் வேலை. கம்பெனி சென்னையில். நாங்கள் கிரிவல மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். மேனேஜருக்கு இதில் முதலிலிருந்தே சந்தேகம். "உங்க வீட்டுச் சண்டை வேலைக்குள்ள வந்துச்சுன்னா ரெண்டு பேரும் சென்னை ஆபீசுக்கு வந்துடணும்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். புது வீட்டில் பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. அதைப் பூட்டிவிட்டுக் கிளம்ப எனக்கு மனசே வராது.

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்காக ஆரணியிலிருந்து அண்ணி, அதாவது இவருடைய அக்கா, குடும்பத்தோடு வந்து ஹாலில் படுத்திருந்தார். வெயில் தாழ்ந்ததும் நடக்கப் போவதாக ஏற்பாடு. இவரோ காலையிலிருந்து என்னோடு பேசவே இல்லை.

"என்னாங்க கோவம்?"

"ஒண்ணுமில்ல."

"நான் ஏதாச்சும் சொல்லிட்டனா?"

"ஒண்ணுமில்லன்றேன்ல!"

பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தப்பு என்னவென்று சொன்னால்தானே திருத்திக்கொள்ள முடியும்? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், நான் என்ன ஜோசியமா பார்ப்பது? வந்தவர்களுக்கெல்லாம் தோசை சுட்டுப் போட்டுவிட்டு, கிச்சன் மேடையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, இவர் செய்த மாற்றம் ஒன்று, தப்பு இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல, ரிவியூவுக்காக என் பெயரில் வந்து நின்றது.

விஷயம் சின்னதுதான். எங்களிடம் ஒரு புரோகிராம் உண்டு. அதில் பட்டன் கிட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, கூடவே எந்த ஊர், எந்தத் தேதி என்று ஆப்ஷன்களையும் தட்ட வேண்டும். இல்லாத ஆப்ஷனைக் கொடுத்தால் அது பாட்டுக்கு எதையாவது செய்து தொலைக்கும். அதைத் தடுக்கத்தான் இந்த மாற்றம். இவரும் தடுத்திருந்தார். எப்படி? தப்பான ஆப்ஷன் வந்தால் திரையில் "தவறு" என்று ஒரே ஒரு வார்த்தை. அதோடு புரோகிராம் மூடிக்கொள்ளும். எது தவறு, எது சரி, ஒரு மண்ணும் கிடையாது.

அச்சு அசல் இவரேதான்!

எங்கள் ரிவியூவெல்லாம் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். எனக்குக் கோபம் தமிழில்தான் வரும். தட்டினேன்: "எது தப்புன்னு சொல்லாம மூடிட்டுப் போறதுக்குப் பேர் எரர் மெசேஜா? எந்த ஆப்ஷன் தப்பு, எதெல்லாம் சரின்னு வாயைத் தொறந்து சொல்லணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நின்றால்தானே? "இது உங்க குடும்ப வழக்கம். உங்க அக்காவும் இப்படித்தான். சாப்பாடு புடிக்கலன்னா சொல்ல மாட்டாங்க, தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்து போவாங்க. புரோகிராமுக்கும் அதைக் கத்துக்குடுக்காதீங்க."

அனுப்பிவிட்டேன். நான் எழுதுவது டீமில் அத்தனை பேருக்கும் போகும் என்பது தினமும் தெரிந்த விஷயம்தான். அந்த நிமிஷம் புத்தி புல் மேயப் போயிருந்தது.

அடுப்பில் வைத்த டீ பொங்குவதற்குள் மேனேஜரிடமிருந்து அழைப்பு, எங்கள் இருவருக்கும் சேர்த்து. என் ஹெட்செட்டில் சார்ஜ் இல்லை. இவருடையது அண்ணி பெண்ணின் காதில் பாடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு லேப்டாப்பும் ஸ்பீக்கரில்.

"கலை, இது என்னம்மா?" என்று ஆரம்பித்தவர், நான் எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்தார். கிச்சனில் ஒரு மேனேஜர், பெட்ரூமில் ஒரு மேனேஜர், நடுவே ஹாலில் அண்ணி. "உங்க அக்காவும் இப்படித்தான்" என்ற இடம் வந்தபோது ஹாலில் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலாம் போலிருந்தது.

"இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன், சண்டை வந்தா சென்னை ஆபீஸ்னு" என்றார் மேனேஜர். போச்சு, வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். "முரளி, நீங்க என்ன சொல்றீங்க?"

பெட்ரூமிலிருந்து என் வீட்டுக்காரர் திருவாய் மலர்ந்தார்: "ஒண்ணுமில்ல சார்."

அடப்பாவி மனுஷா!

அண்ணி எழுந்தார். பெட்ரூம் கதவைப் படாரென்று திறந்தார். "டேய் முரளி! அந்தப் பொண்ணு கேட்டதுல என்னாடா தப்பு? எது தப்புன்னு எழுதித் தொலையேன்டா!" பிறகு லேப்டாப் பக்கம் குனிந்து, "சார், அந்த அக்கா நான்தான். ஏதோ கோவத்துல எழுதிடுச்சு. இதுக்காக வூட்டை வுட்டுக் கெளப்பிடாதீங்க சார், இப்பதான் கட்டி முடிச்சுதுங்க" என்றார்.

மேனேஜர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "திருத்தம் சரிதான் முரளி, கலை சொன்ன மாதிரியே மாத்துங்க. ஊர்லயே இருங்க. ஆனா கலை, நாளையிலேருந்து நீங்க வேற டீம்."

புரோகிராம் இப்போது எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்கிறது. இவர் அன்றைக்கு எதற்காகக் கோபப்பட்டார் என்பது மட்டும் இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டால் "ஒண்ணுமில்ல"தான். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணிதான் மாறிவிட்டார். எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கு வந்தாலும், பந்தியில் உட்கார்ந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், முதல் வாய் சாப்பிட்டதும் உரக்கச் சொல்கிறார்: "சாம்பார்ல உப்பு கம்மி. பொரியல்ல காரம் ஜாஸ்தி. ரசம் சரி. வாயைத் தொறந்து சொல்லிட்டேம்மா கலை, டீமுக்கு எழுதிப் போட்டுடாத."