முதுகுக்கு ஒரு விலை

டப்பாவைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினான் பாலசுந்தரம். ஒன்றும் விழவில்லை. விரலை உள்ளே விட்டு வழித்துப் பார்த்தான். விரல்தான் வெளியே வந்தது.

"சௌந்திரம்! இதுல இருந்த மெழுகு எங்க?"

"எனக்கென்னங்க தெரியும்? நானென்ன அதைத் தாளிச்சா போட்டேன்?" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

கயிற்றுக் கட்டிலில் மல்லாந்திருந்த அவளுடைய அண்ணன் கண்ணுசாமி தலையைத் தூக்கினார். "அந்த மஞ்ச டப்பாவா மாப்ள? அது மூட்டுவலித் தைலமில்லையா? ராத்திரி ரெண்டு முட்டிக்கும் சூடு பறக்கத் தேச்சேன். இப்ப எவ்வளவோ தேவலாம்."

வேட்டியை விலக்கிக் காட்டினார். இரண்டு முழங்காலும் பளபளவென்று மின்னின. அப்படியொரு பாலீஷைப் பாலசுந்தரம் தன் கையால்கூடப் போட்டதில்லை.

சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய், கடைக்காரர் எடுத்துப் போட்ட டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்து, "வாங்கறீங்களா, மோந்துட்டுப் போறீங்களா?" என்று அவர் கேட்கும் வரைக்கும் நின்று தேர்ந்தெடுத்த மெழுகு அது. இப்போது மச்சான் முட்டியில் இருக்கிறது. வாசலிலோ ஜேடர்பாளையம் காளியண்ணனின் கறுப்பு அம்பாசிடர் நிற்கிறது.

பாலசுந்தரம் மோகனூர் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிக்கு எடை போடும் எழுத்தன். வாரத்தில் ஆறு நாள் ஆலைக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தனக்கு. அந்த ஒரு நாளுக்காகத் தன் வீட்டுச் சுவரில் சொந்தக் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தான்: 'இங்கு கார் பாலீஷ் போடப்படும். ரூ. 25. பேரம் இல்லை.' கடைசி இரண்டு சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு.

ஊரில் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அத்தனை பேரும் வந்தார்கள், அத்தனை பேரும் பேரம் பேசினார்கள். "இருவத்தஞ்சா? காவேரில இறக்குனா ஓசியிலயே கழுவிக்கலாமே?" என்பார்கள். பாலசுந்தரம் நெஞ்சை நிமிர்த்துவான். "ஆத்துத்தண்ணி எருமைக்குங்க. காருக்கு நானுங்க. எருமை கணக்கா இருந்தாப் போதும்னா தாராளமா ஆத்துக்கே ஓட்டிட்டுப் போங்க."

அவர்களும் தாராளமாக ஆற்றுக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மச்சானுக்கு இது தாங்கவில்லை. கொமாரபாளையத்தில் தறிப்பட்டறை வைத்து நாலு காசு பார்த்தவர். தங்கச்சி புருஷனைத் தன் பட்டறைக் கணக்குக்கு உட்கார வைத்துவிட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து தவம் கிடக்கிறார்.

"மெழுகுக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, சோப்புக்கு இவ்வளவு. சரி. மிச்சம் பாதி எதுக்கு மாப்ள?"

"என்ற முதுகுக்குங்க. காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் குனிஞ்சு தேய்க்கிறது இதுதான?"

"உன்ற முதுகு உங்கிட்டச் சும்மாதான இருக்குது? அதுக்கு எவனாச்சும் வெலை போடுவானா?"

அன்று வந்த ரோஷத்தில் பாலசுந்தரம் சபதமே செய்துவிட்டான். "பங்குனி பொறக்கறதுக்குள்ள ஒருத்தராச்சும் பேரம் பேசாம இருவத்தஞ்சு குடுக்கல, ஆலை வேலைய எழுதிக் குடுத்துட்டு உங்க பட்டறையில வந்து உக்காந்துக்கறேன். போதுமுங்களா?"

இன்று மாசி மாதத்துக் கடைசி ஞாயிறு. ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்று மச்சான் முதல் நாளே வந்து இறங்கிவிட்டார். வந்திருக்கும் காரோ காளியண்ணனுடையது. கோயிலில் தேங்காய் உடைத்தால்கூட, "ஒரு மூடி கொறைச்சு வாங்கிக்கிறயா சாமி?" என்று பூசாரியிடம் பேரம் பேசுகிற மனிதர்.

அவர் ஆற்றங்கரை மண்டபத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். டிரைவர் தீர்த்தகிரி காரை நிறுத்திவிட்டு, "மத்தியானப் பந்தி முடிஞ்சதும் அய்யா வந்து பாத்துட்டு வெலை பேசுவாருங்க. நான் தெருமுக்கு டீக்கடையில இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

'வெலை பேசுவாராமா!' பாலசுந்தரம் காலி டப்பாவை வேலிக்கு அப்பால் வீசினான். டப்பா போனால் போகட்டும். மெழுகு இல்லாவிட்டால் உலகத்தில் வேறு வழவழப்பே இல்லையா?

"வெளக்கெண்ணெய எடு சௌந்திரம்!"

விளக்கெண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெயைக் கலந்து கார் முழுக்கத் தேய்த்தான். அடடா, கார் ஜொலித்தது! மச்சான்கூடக் கட்டிலை விட்டு எழுந்து வந்து, "பரவால்லியே" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து முழுதாக வெளியே வருவதற்குள் காற்று திசை திரும்பியது. ஆலைப் புகைபோக்கியிலிருந்து கரும்புச்சக்கைக் கரி கிளம்பி ஊர்மேல் இறங்கியது. தினமும் இறங்குவதுதான். மற்ற நாளில் தட்டிவிட்டால் போய்விடும். எண்ணெயில் விழுந்தது எங்கே போகும்? கொஞ்ச நேரத்தில் அம்பாசிடருக்கு உடம்பெல்லாம் ரோமம் முளைத்துவிட்டது.

"மாப்ள, காரு கரடியாட்டம் ஆயிருச்சு" என்றார் மச்சான்.

"நீங்க போய்ப் படுங்க மச்சான்."

"படுக்கறேன். சாயந்தரம் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிரலாம். துணிமணிய மட்டும் எடுத்து வெச்சுக்கோ."

பாலசுந்தரத்துக்குச் சுருக்கென்றது. எடைமேடையில் அவன் எழுதியதுதான் எழுத்து. எவ்வளவு பெரிய பண்ணையக்காரரின் வண்டியானாலும் அவன் முன்னால் நின்றுதான் போக வேண்டும். அதை விட்டுவிட்டு இந்த மனிதரின் பட்டறையில் உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை "மாப்ள, இதென்ன எழுத்து, கோழி கெளறினாப்புல?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? செத்தாலும் மாட்டான்.

எண்ணெய் தேய்த்தால் என்ன செய்வார்கள்? சீயக்காய் போட்டுக் குளிப்பார்கள். இதற்கு யாரிடம் போய் யோசனை கேட்க வேண்டும்? குண்டாவில் சீயக்காய்த்தூளைக் கரைத்து, காரின் உச்சி முதல் சக்கரம் வரை அரக்கித் தேய்த்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். எண்ணெய் போனது. கரியும் போனது. அவற்றோடு பளபளப்பும் போனது. காய்ந்தபின் பார்த்தால் கார், காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள் மாதிரி வெளிறி நின்றது.

சௌந்திரம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நாஞ்சொன்னாக் கேப்பீங்களா?"

"சொல்லு, கேக்கறேன்."

"கஞ்சி போடலாமுங்க."

"எதுக்கு, காருக்குப் பசிக்குதா?"

"நக்கலு பண்ணாதீங்க. எங்க ஜலகண்டாபுரத்துல தறியில ஏத்தற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு இழுத்துக் கட்டுனா நூலு எப்பிடி மினுங்கும்னு பாத்திருக்கீங்களா? நூலுக்கே அந்த மினுக்குன்னா தகரத்துக்குக் கேக்கோணுமா?"

தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் கஞ்சி விஷயத்தில் தப்புச் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குப் பட்டது. ஜவ்வரிசியைக் கொதிக்க வைத்துக் கூழாக்கி, பாவுக்கு விடுவது போலவே கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, ஒரு கல் உப்பும் போட்டாள். "உப்பு எதுக்கு?" என்று கேட்டதற்கு, "கை தானாப் போட்டுருச்சுங்க" என்றாள்.

ஈரத்தில் கார் கண்ணாடியாக இருந்தது. மாசி வெயில் சுள்ளென்று அடித்தது. கஞ்சி காய்ந்தது. காயக் காய வெளுத்தது, வெளுத்ததும் வெடித்தது. துணியால் துடைத்தால் துணி ஒட்டிக்கொண்டது. சரி, வெந்நீர் ஊற்றலாம் என்று ஊற்றினான். கஞ்சி மறுபடி கூழாகிக் கைப்பிடியெல்லாம் வழிந்து பசையாக நின்றது. ஒரு கதவைத் திறக்கவே முடியவில்லை.

"போயிருச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சௌந்திரம். "எல்லாம் என்னாலதானுங்க. பேசாம எங்கண்ணன் கூடப் போயிருங்க. மானமாச்சும் மிஞ்சும்."

கட்டிலில் மச்சான் கறிச்சோறு தின்ற களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எவங்கூடயும் போக மாட்டேன்!" பாலசுந்தரம் குரல் தெருவுக்கே கேட்டது. "காளியண்ணன் வரட்டும். இந்தக் கோலத்துலயே காட்டறேன். இருவத்தஞ்சு ரூவாதான் கேப்பேன். ஒரு பைசா கொறைக்க மாட்டேன்! என்ன பண்ணிருவாரு?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினான். திரும்பி வந்தபோது காருக்குப் பக்கத்தில் வெள்ளச்சி நின்றுகொண்டிருந்தது.

வெள்ளச்சி சௌந்திரத்தின் எருமை. பெயர்தான் வெள்ளச்சி, உடம்பு கன்னங்கரேல். கஞ்சி வாசனைக்கு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வந்ததோடு நிற்காமல் முன்பக்கத்து மூடியைச் சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தது.

"அட நாசமாப் போன..." என்று கையை ஓங்கியவன் அப்படியே நின்றான்.

நக்கின இடம் பளீரென்று இருந்தது. குனிந்து பார்த்தான். அவன் மூஞ்சி தெரிந்தது. மீசையில் ஒட்டியிருந்த கஞ்சி கூடத் தெரிந்தது.

ஓங்கிய கை மெல்ல இறங்கி எருமையின் கழுத்தைத் தடவியது. "சாமி, கொஞ்சம் இப்பிடி வா சாமி. இந்தக் கதவு. ஆமா. மூலையில விட்டுட்ட பாரு..."

"ஏனுங்க, என்ற எருமைக்கு நாக்குத் தேஞ்சுரப் போகுது!"

"சத்தம் போடாத! உங்கண்ணன் எந்திரிச்சுருவாரு. மிச்சக் கஞ்சிய எடுத்துட்டு வந்து மேல் தகரத்துல தடவு. அங்க அதுக்கு ருசி பத்தல."

வெள்ளச்சி ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனது. அதற்கு அவசரமே இல்லை. கடைசிக் கதவும் முடிந்ததும் எருமையை இழுத்துப் போய்க் கட்டுத்தறியில் கட்டினான். மச்சானின் தோளிலிருந்து நழுவிக் கிடந்த துண்டை எடுத்து எச்சிலையெல்லாம் ஒரு துடை துடைத்தான். கறுப்பு அம்பாசிடர் ஷோரூமை விட்டு இப்போதுதான் வந்தது போல நின்றது.

சற்று நேரத்தில் தீர்த்தகிரி வந்தான். காரைப் பார்த்தான். கட்டுத்தறியில் மூக்கில் ஒட்டிய கஞ்சியை நக்கிக்கொண்டிருந்த எருமையைப் பார்த்தான்.

"எருமை பாலு எத்தன படிங்க கறக்கும்?"

"அது கறக்கும், நீ போய் அய்யாவக் கூட்டிட்டு வா" என்றான் பாலசுந்தரம் விறைப்பாக.

காளியண்ணன் வெற்றிலை மென்றபடி தீர்த்தகிரியோடு நடந்து வந்தார். மச்சானும் எழுந்துவிட்டார். காரைக் கண்டதும் அவருக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

காளியண்ணன் காரைச் சுற்றி வந்தார். விரலால் தடவினார். குனிந்து தன் மீசையைப் பார்த்துக்கொண்டார்.

"எவ்வளவு?"

பாலசுந்தரம் சுவரைக் கைகாட்டினான். "இருவத்தஞ்சுங்க. சுவத்துலயே எழுதியிருக்குதுங்க. ஒரு பைசா கொறையாதுங்க. மெழுகுக்கும் துணிக்கும் பாதி. மிச்சம் வேலை செஞ்ச ஒடம்புக்குங்க. அதுக்கு வெலை கெடையாதுன்னு நெனைக்கறவங்க ஆத்துக்குப் போயிக்கலாமுங்க."

சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரியாச் சொன்ன" என்றார் காளியண்ணன். மடியிலிருந்து நோட்டுகளை எடுத்து, எண்ணி, அவன் கையில் வைத்தார். "வேலை செஞ்ச ஒடம்புக்குக் குடுக்கோணும். அதுல நான் பேரம் பேச மாட்டேன். தொழிலுன்னா நாக்கு சுத்தமா இருக்கோணும். இங்க இருக்குது. அடுத்த ஞாயித்துக்கெழம ஊட்டுக்கே வந்துரட்டும், அங்க மூணு காரு நிக்குது. தீனி, தண்ணி, நெழலு எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

கார் கிளம்பியது. புழுதி அடங்கியது.

பாலசுந்தரம் திரும்பினான். "கேட்டீங்களா மச்சான்? காளியண்ணன்! பேரம் பேசல! வேலை செஞ்ச ஒடம்புக்குக் குடுக்கோணும்னாரு. என்ற முதுகுக்கு வெலை உண்டா, இல்லையா? இப்பச் சொல்லுங்க!"

"உண்டு மாப்ள" என்றார் மச்சான் ஈனசுரத்தில். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தவர் முகத்தைச் சுளித்து அதை மோந்து பார்த்தார்.

"'வா'ன்னு சொன்னாரா பாத்தீங்களா? 'வந்துரட்டும்'னாரு! எவ்வளவு மரியாதை! தீனி வேற போடறாராமா! அஞ்சு மணி பஸ்ஸுக்கு நீங்க மட்டும் போயிக்குங்க மச்சான். நானு எவன் பட்டறையிலயும் உக்கார மாட்டேன். அடுத்த மாசம் முப்பது ரூவா ஆக்கறேன், பாத்துக்கிட்டே இருங்க!"

கரித்துண்டை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்தான். அப்போது தெருமுனையில் காரை நிறுத்திவிட்டுத் தீர்த்தகிரி ஓடி வருவது தெரிந்தது. வந்தவன் வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ஏனுங்க, அய்யா ஒண்ணு சொல்ல மறந்துட்டாராமாங்க. ஞாயித்துக்கெழம நானே வந்து எருமைய ஓட்டிட்டுப் போயிக்கறனுங்க, அது கூட நீங்களும் வாரதுன்னா உங்களுக்குத் தனியா ஒண்ணும் கெடையாதாமாங்க."