தலையாரி மகன் தலை

பிள்ளையின் தலை பின்னால் இடப்பக்கம் சப்பையாக இருந்தது. ஐயாதுரை மூன்றாம் தடவையாகத் தடவிப் பார்த்தார். ராஜபாளையத்தில் தலையாரி உத்தியோகம், யார் வீட்டு ஆடு காணாமல் போனாலும் கண்டுபிடிக்கிறவர். சொந்த மகன் தலை நாலு மாதமாகத் தட்டையாகி வந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

பட்ட பிறகு சும்மா இருப்பாரா? பிள்ளை வாசல் வெளிச்சத்தைப் பார்த்தே ஒருக்களித்துக் கிடக்கிறது என்று தொட்டிலை இடம் மாற்றிக் கட்டினார். முடிச்சு நழுவியது. நல்லவேளை, பிள்ளை அப்போது மனைவி மடியில் இருந்தது. கடுகுத் தலையணை நல்லது என்றார்கள். அவரே தைத்தார். தையல் பிரிந்து கடுகு சிதறியது, பாயைச் சுற்றி நாலு கோழி.

"தலைய ஒழுங்காக்கச் சொன்னா, கண்ணக் கொத்தக் கோழியக் கூட்டி வாரீக" என்றாள் மனைவி முத்துப்பேச்சி.

வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். பிரசவம் பார்த்த மாடத்தி அங்கேதான் இருந்தாள்.

"ஒரே வாக்குல கெடந்தா மாவுருண்டகூடச் சப்பையாகும்யா. முழிச்சிருக்கையில தூக்கி வச்சிருங்க, குப்புறப் போட்டு வெளையாட விடுங்க. தானா உருண்டுரும்."

யார் தூக்குவது? முத்துப்பேச்சிக்கு நெல் குத்தவும் மாட்டைப் பார்க்கவுமே பொழுது சரியாக இருந்தது. பெற்ற பிள்ளையை ஆம்பளை நாலு பேர் முன்னால் தூக்கினால் ஊர் சிரிக்கும். ஆனால் மகனுக்குச் 'சப்பைத்தலையன்' என்று பட்டப்பெயர் விழுந்தால் ஆயுசுக்கும் போகாதே. மானம் போனால் போகட்டும் என்று தோளில் சாய்த்துக்கொண்டார்.

ஊர் சிரித்தது. ஒரு கையில் கம்பு, ஒரு தோளில் பிள்ளை. ஆட்டுக் களவாணி ஒருவனைத் துரத்தியபோது அவனே நின்று, "மெதுவா வாங்க, புள்ள கழுத்து" என்றான். பிடித்துத்தான் வந்தார், அதைத் தன் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கே கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் பிள்ளையை மனைவியிடம் காட்டுவார். பார்த்துப் பார்த்துப் பானையும் பூசணியும்கூடச் சப்பையாகத் தெரிந்ததால், தன் கண்ணை அவர் நம்பவில்லை. முத்துப்பேச்சி தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பாள். மறுநாளும் தூக்குவார்.

தை பிறந்தது. சந்தைக்கு வந்த மாடத்தி, பிள்ளையும் கையுமாக நின்றவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் எத்தனை நாளைக்குத் தூக்க வேண்டும் என்று பாவமாகக் கேட்டார் ஐயாதுரை.

"தல ஐப்பசியிலேயே உருண்டுருச்சேய்யா. அப்ப ஒருநா ஒங்க வீட்டுக்கு வந்து பாத்தப்பவே ஒங்ககிட்டச் சொல்ல வாயெடுத்தேன். 'இப்பத்தான் எனக்கு ரெண்டு கையும் ஓஞ்சிருக்கு, அவியகிட்டச் சொல்லிராதீக'ன்னு ஒங்க வீட்டம்மாதான் தடுத்துட்டாவ."