இங்கிலாந்துக் கம்பெனிக்குப் பதுளையில் ஒரு டைரக்டர்

டைரக்டர்களில் இரண்டு இனம் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு கம்பெனியைக் கவிழ்ப்பவர்கள் ஓரினம். சம்பளம் வாங்காமல், கம்பெனி இருக்கும் நாட்டைக்கூட எட்டிப் பார்க்காமல், பிளேன்டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அதை நிமிர்த்தப் பாடுபடுபவர்கள் மற்றோரினம். உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது இந்த இரண்டாவது இனம்தான். ரயில் ஏன் பிந்தி வருகிறது, லண்டனில் தேயிலை விலை ஏற என்ன வழி, எந்த நாட்டுக்காரன் எங்கே கோட்டை விட்டான் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. உலகம் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதனால்தான் உலகம் இப்படி இருக்கிறது.

இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதிக்கு அந்தப் பதவியில் இருந்தவர், ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட ஜௌபர் நானா. மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். காலையில் கடையைத் திறந்து, பெயர்ப்பலகையைத் துடைத்துவிட்டு, நேரே எதிரில் உள்ள புஹாரியின் தேநீர்க் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து பார்த்தால் தம் கடை நன்றாகத் தெரியும் என்பது அவருடைய நியாயம். தெரிந்தது உண்மைதான். வாடிக்கையாளர் வருவதும், யாருமில்லாத மேசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்பதும், அடுத்த கடைக்குப் போவதும் எல்லாமே அங்கிருந்து நன்றாகத் தெரிந்தன. நானா எழுந்து போவதற்குள் இங்கிலாந்தில் ஏதாவது அவசரம் வந்துவிடும்.

அவர் பொறுப்பில் இருந்தது ஓர் இங்கிலாந்துக் கார்க் கம்பெனி. நஷ்டம் மேல் நஷ்டம், வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு என்று அது தள்ளாடிக்கொண்டிருந்த எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. ஆங்கிலப் பேப்பரின் உள்பக்கத்தில் அதைப் பற்றி நாலு வரி வந்தால், அன்றைக்குப் புஹாரி கடையில் நாற்காலி கிடைக்காது. நானாவின் தீர்ப்பு வருடக்கணக்காக ஒன்றுதான்: ஸ்போர்ட்ஸ் கார் செய்வதை நிறுத்த வேண்டும், சின்னக் கார் செய்ய வேண்டும். ஜப்பான்காரன் நாலு கதவு வைத்துச் சின்னக் கார் செய்து உலகத்தையே வாரிக்கொண்டு போகிறான். இவன் மட்டும் இரண்டே பேர் உட்காரும் வண்டியைச் செய்துகொண்டு, குடும்பஸ்தனிடம் போய் விற்கப் பார்க்கிறான். மனுஷனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் கிடையாதா?

நியாயமான கேள்வி. கேட்டவருக்கு ஒரு பெண்டாட்டியும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டுக் கொல்லையில், தார்பாய்க்கு அடியில், அதே கம்பெனி செய்த அதே இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரும் இருந்தது.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து நானா வாங்கிய சிவப்புக் கார் அது. ஓடும். இறக்கத்தில் நன்றாக ஓடும். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்த தங்கராஜா, டவுனுக்கு வரும்போதெல்லாம் புஹாரி கடையில் குந்துவார். ஒருநாள் ரொம்ப மரியாதையாக, "அப்ப நீங்க ஏங்க நானா அதை வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"அது வேற விஷயம்" என்றார் நானா.

கவனியுங்கள். இந்த இனத்தை அடையாளம் காண இந்த மூன்று வார்த்தை போதும். உலகத்துக்கெல்லாம் ஒரே மருந்து. தம் வீட்டு நோய் மட்டும் வேறு.

பிறகு ஒருநாள் பேப்பரில் வந்தேவிட்டது. கம்பெனி ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தப் போகிறது. புதிதாகச் சின்னக் கார் கொண்டுவரப் போகிறது. நானா அதை இரண்டு தரம் உரக்க வாசித்தார். பிந்தியாவது புத்தி வந்ததே என்று கம்பெனியை மன்னித்தார். கடையில் இருந்த எல்லோருக்கும் தம் கணக்கில் பிளேன்டீ கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்குப் போய் மனைவி முஹ்ஸினாவிடமும் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"நல்ல விஷயம். அப்ப நம்மடதையும் குடுத்துடுவோம்" என்றாள்.

பதில் உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அடுத்த மாதம் பண்டாரவளையில் முஹ்ஸினாவின் தம்பி ஷுக்ரி வீட்டுக் கலியாணம். நானா காரில்தான் போவேன் என்றார். முஹ்ஸினா வாக்குவாதம் செய்யவில்லை. நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவளுக்கான இடத்தில், கலியாணப் பரிசாக வாங்கிய பீங்கான் தட்டுப் பெட்டி உட்கார்ந்து போனது.

ஹாலிஎலை வரைக்கும் கார் கௌரவமாகவே போனது. தெமோதரை ஏற்றத்தில் இரண்டு தரம் இருமியது. மூன்றாவது வளைவில் நின்றேவிட்டது. நானா என்ஜின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். காரைவிட அவர்கள்தான் நகர்ந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பதுளையிலிருந்து வந்த பஸ் வளைவில் திரும்பியது. கொண்டக்டருக்கு நானாவைத் தெரியும். மணியை அடிக்கக் கை தூக்கினார். ஜன்னலோரம் இருந்த முஹ்ஸினா, கலியாணத்துக்கு நேரமாகிறது, போகட்டும் என்றாள். பஸ் போனது. கடைக்குட்டி வாப்பாவுக்குக் கை காட்டினாள். நானாவும் காட்டினார், எல்லாம் ஏற்பாட்டின்படி நடப்பதைப் போல.

கடைசியில் அவரை ஏற்றிக்கொண்டது ஒரு சின்ன ஜப்பான் கார். அதற்குள் ஏற்கெனவே ஒரு குடும்பம், அதன் மூட்டைகள், ஒரு பலாப்பழம். அப்படியும் இடம் கண்டுபிடித்தார்கள். யாருடையதோ பிள்ளையை மடியிலும் தட்டுப் பெட்டியைக் காலடியிலும் வைத்துக்கொண்டு, எந்த வளைவில் எந்த கியர் போட வேண்டும் என்று பண்டாரவளை வரைக்கும் ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டே போனார் நானா. வண்டி எல்லா ஏற்றத்திலும் ஏறிவிட்டதால் அந்த யோசனைகள் வீணாயின. கலியாண வீட்டில் கடைசி சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களும் சாப்பிட்டு எழுந்துவிட்டிருந்தார்கள்.

அன்று பின்னேரம் ஷுக்ரி ஒரு கொழும்பு விருந்தாளியை அழைத்து வந்தார். பதுளைப் பக்கம் போய்வந்த வழியில் சிவப்புக் காரைப் பார்த்தாராம். இனிமேல் அது வராது என்பதால், பழசு எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவராம். ஓடாவிட்டாலும் பரவாயில்லையாம். நானா கோபப்படத் தயாரானார். அதற்குள் முஹ்ஸினா அவரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"அது வேற விஷயமுன்டு மட்டும் சொல்லாதீங்க. என்னத்துக்கு அத வச்சிருக்கீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க."

கழுவி அடுக்கியிருந்த சட்டிகள் பக்கம் நானா திரும்பிக்கொண்டார். ஒரு டைரக்டர் பொதுக்கூட்டத்தில் சொல்லாத பதிலை அங்கேதான் சொன்னார்.

"அதுல ஏறினா நான் கடைக்காரன் இல்ல, முஹ்ஸினா. துரை அதுல வந்து கடை வாசல்ல ஹோர்ன் அடிப்பார். நான் சாமானத் தூக்கிட்டு ஓடணும். இறங்கக்கூட மாட்டார்."

இத்தனை வருடத்தில் இதை அவள் கேட்டதேயில்லை. சிரிக்கவில்லை. முந்தானையால் அவர் சட்டையிலிருந்த கரியைத் துடைத்தாள்.

"சரி. ஆனா நாங்க அஞ்சு பேரு எங்க உக்கார்றது?"

கார் விற்கப்பட்டது. கொழும்பு லொறியில் அதை ஏற்றிக் கட்டியபோது, கயிறு உரசாமல் இருக்க நானா தம் தோள் துண்டை மடித்து விளிம்பில் வைத்தார். லொறி போன பிறகு, தார்பாயை மடிக்க அவருக்குப் பகல் முழுவதும் தேவைப்பட்டது. கொல்லைக்கு ஒரு பழைய ஜப்பான் கார் வந்தது. நாலு கதவு, களிமண் நிறம். கடை அலமாரியில் பாதி ஜப்பான் சாமானுக்கு மாறியது. ஆள் வரத் தொடங்கியதால் நானா கடையிலேயே இருக்க வேண்டிய துரதிர்ஷ்டமும் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆறு பேரும் பசறைக்குப் போய்வந்தார்கள். முஹ்ஸினா முன்னால் உட்கார்ந்தாள். திரும்பி வந்து இறங்கும்போது, கதவை மெதுவாகச் சாத்தச் சொல்லிப் பிள்ளைகளை நானா அதட்டினார். அது சொந்தம் கொண்டாடுவதன் அறிகுறி என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குக் கடையை மூடியவர், புஹாரி கடைக்குள் நுழைந்தார். எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"கம்பெனி செஞ்சது பெரிய பிழை" என்றார் நானா. "ஸ்போர்ட்ஸ் கார நிப்பாட்டினதோட அவன்ட மரியாதை போச்சு. சின்னக் கார எவனும் செய்வான்."

தங்கராஜா வாயைத் திறந்தார். பிறகு பிளேன்டீயைக் குடிக்கத்தான் திறந்தேன் என்பது போலக் குடித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்து வரும்போது, 'இதையா இப்படி எழுதுவது? நானாக இருந்தால் கலியாணத்திலிருந்து தொடங்கியிருப்பேன், அந்த மனுஷனைக் காரை விற்க விட்டிருக்கமாட்டேன்' என்று எங்காவது ஓரிடத்தில் உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், வாழ்த்துகள், நியமனம் உறுதி. சம்பளத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.