நிலாவுக்கு டச்சப்

நதீம் திருவல்லிக்கேணி மாடியில் நின்று கேமராவில் பிடித்த நிலா கொஞ்சம் மங்கலாகத்தான் விழுந்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவன் நதீம் இல்லையே!

சாயங்காலம் பெண் வீட்டார் வருகிறார்கள். குல்ஷனின் அத்தா ஹபீபுர் ரஹ்மான், திருவான்மியூர் மாடியில் டெலஸ்கோப் வைத்திருக்கிற மனுஷர். "மாப்பிள்ளை எடுத்த நிலாவைப் பிரிண்ட் போட்டு வைங்க. ஜோடிச்ச நிலா எனக்கு ஆகாது. நிலாவுலயே பொய் சொல்றவன் என் பொண்ணுகிட்ட எவ்ளோ சொல்லுவான்?" என்று, பயோடேட்டாவில் 'பொழுதுபோக்கு: நிலாவைப் படம் பிடிப்பது' என்று பார்த்துவிட்டுப் போனில் சொல்லிவிட்டார். குல்ஷனோடு ஒரே ஒரு தடவை போனில் பேசியதிலேயே நதீம் கவிழ்ந்து கிடந்தான்.

லேசாக ஷார்ப் பண்ணினான். பள்ளங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஆசை விடுமா? இன்னும் கொஞ்சம் ஏற்றினான். விளிம்பில் வெள்ளை வளையம் முளைத்தது. அதை மறைக்கப் போய், படம் பூராவும் ரவை கொட்டின மாதிரிப் புள்ளி.

"இன்னாடா, நிலாவுக்கு அம்மை போட்டுக்கீது?" என்றாள் அக்கா புஷ்ரா.

புள்ளியை வழித்தான். நிலா இட்லியாகிவிட்டது.

அடித்துப்பிடித்துக்கொண்டு தெருமுனை ஸ்டுடியோவுக்கு ஓடினான். பாஸ்போர்ட் சைஸ் முதல் கல்யாண ஆல்பம் வரை டச்சப் செய்கிற காஷிஃப் அவனுடைய சிநேகிதன்.

"மச்சி, ஒரிஜினல்ல கொஞ்சமா ஷார்ப் பண்ணிக் குடு. நேச்சுரலா இருக்கணும். மானம் போயிடும்."

"கவலைய வுடு."

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் நிலாவில் மருந்துக்குக்கூடப் பள்ளம் இல்லை. கன்னத்தில் ரோஸ் கலர் வேறு.

"டேய், பள்ளமெல்லாம் எங்கடா?"

"மூஞ்சி பூரா குழி மச்சி. கிளீன் பண்ட்டேன். பொண்ணு வூட்டுக்குத்தானே போவுது?"

"அது நிலாடா பாவி!"

"இன்னாத்துக்குக் கத்துற? உன் பயோடேட்டா போட்டோல கை வச்சப்போ மட்டும் இனிச்சுதா?"

நதீம் கடிகாரத்தைப் பார்த்தான். முதலில் எடுத்த மங்கல் நிலாவையே பிரிண்ட் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்குக் கொல்லைப்பக்கமாக நுழைந்தான். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. புஷ்ரா படத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போனாள். அம்மா அவன் கையில் டீத் தட்டைத் திணித்து அனுப்பினாள்.

ஹபீபுர் ரஹ்மான் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். நதீம் டீத் தட்டோடு ஓரமாக நின்றான்.

"மாஷா அல்லாஹ்! மங்கல்தான். ஆனா உள்ளது உள்ளபடி கீது. இந்தப் பையனுக்குக் கண்ண மூடிக்கினு பொண்ணு குடுக்கலாம்!"

நதீமுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி குல்ஷனின் அம்மாவிடம் டீயை நீட்டினான்.

பயோடேட்டா போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு உள்வாசலையே பார்த்திருந்த அந்தம்மா, கப்பை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"டீ போதும் தம்பி. போய் மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க."