ஐஸ் கிழங்கில் என்ன சத்து?

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு வயது வர வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு அதற்குப் போதாது. அதிலும் புது வெள்ளைச் சேலை உடுத்தி, கையில் கடிகாரம் கட்டி, கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு நடக்கிற இருபத்திரண்டுக்கு உலகத்தில் தெரியாதது என்று எதுவுமே இருக்காது.

நான் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து, ஹட்டனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தோட்டத்துத் துரைக்கு மட்டும் அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை போலும். அவர் வெள்ளைக்காரராகவே பங்களாவில் இருந்தார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் என்னை "மிஸ்ஸி" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் பிரசவ வலி கண்டால் சொல்லி அனுப்ப மாட்டார்கள். பிள்ளை பிறந்து, குளிப்பாட்டி, பொட்டும் வைத்த பிறகு, வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். நான் மருத்துவச்சியா, விருந்தாளியா என்று எனக்கே சந்தேகம். இப்படியே போனால் வேலை நிரந்தரமாகாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் பங்களாவுக்கு மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று வந்தது. காய்கறியை உறைய வைத்தால் அதன் சத்து கெடாது என்று துரையின் மனைவி துரைசாணி ஏதோ ஒரு சீமைச் சஞ்சிகையில் படித்துவிட்டார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில், சோகை பிடித்து உட்கார்ந்திருந்த குழந்தைகளைப் பார்த்து அவர் மனம் இளகியிருந்தது. குழந்தைகளுக்குச் சத்து வேண்டும். வத்தாளங்கிழங்கில், அதாவது சர்க்கரைவள்ளியில், சத்து இருக்கிறது. குளிர்ப்பெட்டியில் இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். (சம்பளத்தைக் கூட்டுவது பற்றிச் சஞ்சிகையில் ஒன்றும் போடவில்லை.)

கிழங்கு எங்கிருந்து வரும்? லயத்துக்குப் பின்னால் சனங்கள் போட்டிருந்த கொடியிலிருந்துதான். அன்று தோண்டிய கிழங்கை ஈரமண்ணோடு வாங்கி, மலை ஏற்றி, பங்களாவில் உறைய வைத்து, மறுபடி மலை இறக்கி, தோண்டினவர்களின் பிள்ளைகளுக்கே ஊட்ட வேண்டும். இதற்குப் போஷாக்குத் திட்டம் என்று பெயர். பொறுப்பு என்னுடையது. இதில் எங்கோ இடிக்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை. துரைசாணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மயக்கம் தெளிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அவர் செய்முறையை ஆங்கிலத்தில் சொன்னார். என் ஆங்கிலம் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பிரசவத்துக்கும் போதுமானது, சமையலறைக்குள் அது நுழைந்ததில்லை. முதலில் பிளாஞ்ச், அப்புறம் குளிர்ப்பெட்டி என்பது மட்டும் பிடிபட்டது. பிளாஞ்ச் என்பது யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாவின் பெயர் என்று நானே முடிவு கட்டினேன். (நான் படித்த பள்ளியில் ஒரு பாதிரியாரின் மனைவிக்கு அந்தப் பெயர்.) அந்த அம்மா வந்து கிழங்கைப் பார்த்துச் சரி சொல்வார், பிறகு நாம் பெட்டியில் வைக்க வேண்டும். கேட்டுத் தெளிவு பெற்றிருக்கலாம். "யெஸ் மேடம்" என்றேன்.

துரையும் துரைசாணியும் நுவரெலியாவுக்குப் போயிருந்த ஒருநாள், பங்களாச் சமையலறையில் கிழங்கையெல்லாம் கழுவி அடுக்கிவிட்டுக் காத்திருந்தேன். யார் வருகிறார்கள் என்று கோக்கி முத்தையா கேட்டார். பங்களாவின் சமையல்காரர் அவர். வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் வருகிறார் என்றேன். பாவம், நல்ல கோப்பைகளை எடுத்துத் துடைத்து வைத்து, ஒரு கேக்கும் சுட்டுவிட்டார். பொழுது சாயும்வரை ஒருவரும் வரவில்லை. கேக்கை நாங்கள் இருவருமே சாப்பிட்டோம். பிறகு, வெள்ளைக்காரர்களும் சொன்னபடி வராமல் இருப்பார்கள் என்ற புது ஞானத்தோடு, கிழங்கைப் பச்சையாகவே ஐஸ் அறைக்குள் திணித்தேன்.

செய்து காட்டும் நாள் வந்தது. பிள்ளைக்காம்பரா வாசலில் மேசை போட்டார்கள். துரைசாணியும், அவர் அழைத்திருந்த டாக்டர் ஒருவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தாய்மார் பிள்ளைகளோடு நின்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வத்தாளங்கிழங்கில் இருக்கும் வைட்டமின் ஏ கண்ணுக்கு நல்லது என்று ஆரம்பித்தேன். அதுவரை உண்மை. ஐஸில் வைத்தால் சத்தெல்லாம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்றேன். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

முன்னால் நின்ற ராக்கம்மா, நிறைமாசக்காரி, நிஜமான கவலையோடு கேட்டாள்.

"பூட்டிக்கிட்டா புள்ளைக்கு எப்படிங்க மிஸ்ஸி கெடைக்கும்?"

"வயித்துக்குள்ள போனதும் தொறந்துக்கும்" என்றேன்.

டாக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சளி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சாக்கில் சுற்றி வந்த கிழங்கை எடுத்து மேசையில் வைத்தேன். டொக்கென்றது. தேயிலை மலையில் அந்தச் சத்தத்தைக் கருங்கல் தவிர வேறெதுவும் போட்டதில்லை. கத்தியை வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன். கத்தி வழுக்கியது, கிழங்கு பறந்து போய் டாக்டரின் முழங்காலில் விழுந்தது. அவர் பரவாயில்லை என்று சொன்னார். சொல்லும்போது குனிந்திருந்தார்.

சரி, முழுசாகவே வேக வைப்போம் என்று பானையில் போட்டேன். தண்ணீர் கறுத்தது. ஈரச்சாக்கு நாற்றம் ஒன்று கிளம்பியது. வெளியே எடுத்தபோது கிழங்கு கிழங்காக இல்லை. சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று, கரண்டியில் நிற்காமல் வழிந்தது. முதல் குழந்தை வாயில் வாங்கித் துப்பியது. மற்றவை அதைப் பார்த்து, வாய் வைக்காமலே அழத் தொடங்கின.

மானத்தைக் காப்பாற்ற நானே ஒரு கரண்டி விழுங்கி, புன்னகை செய்தேன். துரைசாணியும் ஒரு கரண்டி வாங்கினார். முகம் அசையவில்லை, காது மட்டும் சிவந்தது. அருமை என்றார். அவர் சொன்ன பிறகு டாக்டர் என்ன செய்வார்? அவரும் விழுங்கிவிட்டு, சத்தானது என்றார். படித்தவர்கள் எல்லாரும் ஒருமித்துப் பொய் சொன்னதில் துரைசாணிக்குத் தைரியம் வந்து, இனி வாரந்தோறும் இதைக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்.

அங்கேதான் நான் உடைந்தேன். வாரந்தோறும் என்றால் என்னிடம் இனி ஒரு பெண்ணும் வரமாட்டாள். பழியை யார் மேலாவது போட வேண்டும். என் ஆங்கிலத்தைத் திரட்டி, பிளாஞ்ச் அம்மா அன்றைக்கு வரவில்லை, வந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றேன்.

துரைசாணி என்னைப் பார்த்தார். டாக்டர், யார் அந்த அம்மா என்று தமிழில் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முழங்கால் வலியெல்லாம் மறந்து அவர் சிரித்தார்.

"அது ஆளு இல்ல மிஸ்ஸி. கொதி தண்ணியில போட்டு அரைவேக்காடா எடுக்கிறதுக்குத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

இதை அவர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். அரைவேக்காடு என்றால் யாருக்குத்தான் புரியாது? கூட்டம் மொத்தமும் சிரித்தது. துரைசாணியும் சிரித்தார். நான் உள்ளே ஓடி, ஏணைத் தொட்டில்களுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

ராக்கம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் மறுபடி சிரித்தாள்.

"தொரைசாணி பேசுறப்ப நாங்களும் தலையத்தான் மிஸ்ஸி ஆட்டுறோம். எங்களுக்கும் ஒரு மண்ணும் வெளங்காது. நீங்களும் நம்ம ஆளுதான்னு இன்னைக்குத்தான் தெரியுது."

குளிர்ப்பெட்டி வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் திரும்பியது. கொஞ்ச நாளில், வேலைக்கு ஆள் கூட்டும் காலைப் பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரத்தில், ராக்கம்மாவின் புருஷன் என் வாசலில் வந்து நின்றான். வலி கண்டுவிட்டது, பிளாஞ்சம்மாவைக் கையோடு கூட்டி வரச் சொன்னாள் என்றான். தோட்டத்தில் எனக்கு வேறு பெயர் இருந்தது என்பது அன்றோடு மறந்து போயிற்று. அதுதான் அங்கே நான் பார்த்த முதல் பிரசவம். சுகப்பிரசவம், பெண் குழந்தை. அதன்பிறகு பெட்டியைக் கட்டும் யோசனை எனக்கு வரவில்லை.

ஆனால் ராக்கம்மா நன்றி மறக்காதவள். பிள்ளைக்குப் பிளாஞ்சம்மா என்றே பெயர் வைத்தாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். அதன் அர்த்தத்தை டாக்டர் சொன்னாரே என்றேன். அர்த்தம் கிடக்கட்டும், பெயர் வாய்க்கு நன்றாக இருக்கிறது என்றாள். அப்படியே பதிந்தும் விட்டார்கள்.

அந்தப் பிளாஞ்சம்மா படித்து, ஹட்டனில் டீச்சரானாள். கல்யாணத்துக்கு அழைக்க வீட்டுக்கு வந்தவள், மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள், தன் பெயருக்கு என்ன அர்த்தம் என்றாள். அம்மாவிடம் கேட்டால் சிரிக்க மட்டும் செய்கிறாளாம்.

"வெள்ளை மனசுன்னு அர்த்தம்மா" என்றேன்.

கதை முழுவதும் தெரிந்த என் கணவர், குடித்துக்கொண்டிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகக் கொல்லைப்பக்கம் போனார். அவர் அங்கே சிரித்தது உள்ளே வரை கேட்டது. அன்று முதல் எங்கள் வீட்டில் சோறு சரியாக வேகாவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்வதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு அந்த வெள்ளைக்கார அம்மா வந்துட்டுப் போயிருக்காங்க" என்பார்கள்.