மேட்டுக்காட்டை நான் மொழிபெயர்த்த விதம்

ஒரு நிலத்தைப் பற்றி அறிக்கை எழுதும் ஊழியர், அதன் வகையை நஞ்சை, புஞ்சை, தோட்டம், புறம்போக்கு என வருவாய்த் துறை வழங்கும் சொற்களால் மட்டுமே குறிப்பிட வேண்டும்; ஊரார் வாயில் வழங்கும் சொல்லை அப்படியே எடுத்தாளக் கூடாது; ஐயம் இருந்தால் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இது விதி. பயிற்சி முகாமில் இதை மனப்பாடமாக ஒப்பித்து நல்ல பெயர் வாங்கியவன் நான். கோளாறு என்னவென்றால் அன்று எனக்கு ஐயமே இருக்கவில்லை. (ஐயமே இல்லாதவர்களை என்ன செய்வது என்பதற்கு அன்றும் விதி இல்லை, இன்றும் இல்லை.)

ஐம்பதுகளின் நடுவில், சமூக வளர்ச்சித் திட்டம் ஓசூர்ப் பக்கம் வந்தபோது நான் கிராம சேவக்காக வந்து இறங்கினேன். கும்பகோணத்துக்காரன், பி.ஏ. கையில் ஒரு சைக்கிள், ஒரு காக்கிப் பை. தலையில், நாட்டைத் தூக்கி நிறுத்த ஆள் வந்துவிட்டது என்கிற நினைப்பு. பயிர் என்றால் நெல், நிலம் என்றால் வயல், தண்ணீர் என்றால் காவிரி என்பது நான் பெற்ற கல்வி. இங்கேயோ கடைவீதியில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார், கடைக்காரர் கன்னடத்தில் சொல்வார், பேரம் தமிழில் படியும். மூன்று மொழியில் ஒன்றாவது எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு மரம் நடும் வாரம் நெருங்கியது. மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து முதல் கன்றை நடுவதாக ஏற்பாடு. எங்கள் வட்டார அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"ரோட்டோரமா ஒரு இடம் பாருங்க. ஜீப் போகணும். மரம் இருக்கக் கூடாது. ஆனா முன்னே இருந்திருக்கணும். அப்பதான் பெரியவர் பேசறதுக்கு ஏதாவது இருக்கும்."

சானமாவு வனத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் அப்படியே ஓர் இடம் கிடைத்தது. சாலையை ஒட்டிய மேட்டு நிலம். மழை இல்லாததால் வெறுமையாகக் கிடந்தது. ஓரத்தில் வெட்டிக் குவித்த முள். அங்கே நின்று முள்ளைக் கட்டிக்கொண்டிருந்தவள்தான் நஞ்சம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் கணவன் முனியப்பா கொஞ்சம் தள்ளிக் கல் பொறுக்கி வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இது என்ன இடம்மா?" என்று கேட்டேன்.

"மேட்டுக்காடு சாமி."

மேடு, காடு. என் மூளை உடனே வேலை செய்தது. உயர்நிலத்து வனம். சுற்றிப் பார்த்தேன், ஒரு மரம் இல்லை.

"காட்டை வெட்டிட்டீங்களா?"

"வெட்டாம? ஒரே முள்ளா கெடந்துச்சு. நாங்க ரெண்டு பேருந்தான் வெட்டுனோம்."

எவ்வளவு வெகுளியாக ஒப்புக்கொள்கிறார்கள் என்று வியந்தேன். "யாரோட காடு இது?"

"எங்க காடுதான். எங்க ஊட்டுக்காரரோட தாத்தா காலத்துக் காடு."

பொதுச் சொத்தை இவ்வளவு பாசத்தோடு 'எங்க காடு' என்கிறாளே, இவர்களிடம் இன்னும் நம்பிக்கை வைக்கலாம் என்று தோன்றியது. "இங்க மரம் வெச்சுக் குடுத்தா பாத்துக்குவீங்களா?"

நஞ்சம்மா கணவனைப் பார்த்தாள். "வெக்கட்டுமே. நெழலுக்கு ஓரத்துல ரெண்டு வேம்பு இருந்தா நல்லதுதான்" என்றான் முனியப்பா.

'ஓரத்துல ரெண்டு' என்ற பகுதி என் காதில் விழுந்தது. அதை எளிய மக்களின் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

கர்ணத்தைப் பார்த்துக் கணக்கை ஒத்துப் பார்த்திருக்கலாம். அவர் ஜமாபந்திக் கணக்குத் தணிக்கை வேலையாக ஓசூர் போயிருந்தார். ஐயமில்லாதவன் காத்திருப்பானா? அன்றே ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். 'அப்லாண்ட் ஃபாரஸ்ட்' என்று தொடங்கி, அது ஊராரால் முற்றாக வெட்டி அழிக்கப்பட்டதையும், வெட்டியவர்களே அதை ஒப்புக்கொண்டதையும், இப்போது மனந்திரும்பி மீண்டும் வனமாக்கச் சம்மதிப்பதையும் உருக்கமாக விவரித்தேன். அதிகாரி படித்துவிட்டு, "இது அறிக்கை இல்லைய்யா, இலக்கியம்" என்றார். அவர் சொன்னது சரி. முழுக்கக் கற்பனை.

நடுவிழா நாளில் நஞ்சம்மாவும் முனியப்பாவும் ஊரில் இல்லை. இரண்டு நாள் முன்னால் நல்ல மழை பெய்திருந்தது. ஏர் பூட்ட ஒரு காளை குறைந்ததால் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. ஓசூரிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் லாரியில் வந்து குழி தோண்டினார்கள். நிலம் முழுக்கப் புங்கங்கன்றும் வேப்பங்கன்றும் இறங்கின. ஊர்க்காரர் ஒருவர் என் அருகே வந்து நின்றார்.

"நஞ்சம்மா காட்டுலயா நடறீங்க?"

"ஆமா. அவங்களே சம்மதிச்சாங்க."

"காடு முழுக்கவா?"

"முழுக்க."

அவர் குழி வரிசையை ஒருமுறை கண்ணால் அளந்தார். "பெரிய மனசுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவர் என் அறிக்கையை வைத்துக்கொண்டே பேசினார். மரத்தை வெட்டிய கைகள் இன்று திருந்திவிட்டன என்றபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு ஒரு மாலை விழுந்தது. சாமந்தி.

பொழுது சாய்கிற நேரத்தில், ஜீப்பும் லாரியும் போன பிறகு, நஞ்சம்மாவும் முனியப்பாவும் புதுக் காளையை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நான் மாலையைக் கழற்றாமல் நின்றிருந்தேன். நஞ்சம்மா வரப்பில் ஏறி நின்று பார்த்தாள்.

"இத்தன குழி தோண்டி இருக்குதே சாமி. ஊர்ல யாராரு செத்தாங்க?"

நான் சிரித்தேன். "உங்க காட்டுக்கு உயிர் வந்துடுச்சும்மா."

"ராகி எங்க வெதைக்கிறது?"

"காட்டுல எதுக்கும்மா ராகி?"

"காட்டுல வெதைக்காம பின்ன அடவியிலயா வெதைப்பாங்க?" என்றான் முனியப்பா.

அவன் சானமாவுப் பக்கம் கையைக் காட்டினான். "அதோ, மரம் நிக்குது பாருங்க, ஆனை வருது, அது அடவி. இது காடு. ஓட்றோம், வெதைக்கிறோம், திங்கறோம். உங்க ஊர்ல காடு இல்லீங்களா?"

எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர். மானாவாரிப் புஞ்சை என்பது விதிப்படியான பெயர். சேலம், தருமபுரி வட்டாரம் முழுக்கக் குழந்தைக்கும் தெரிந்த ஒரு சொல்லை நான் பி.ஏ. வரை படித்ததால் தெரிந்துகொள்ள முடியாமல் போயிருந்தது. மாலை கழுத்தில் கனத்தது.

நஞ்சம்மா அதற்குள் குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கப் போனாள். அந்த நொடியில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அந்தியிலேயே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு மறுநாள் ஏர் ஓட்டியிருப்பார்கள். செடி பட்டுப்போனது என்று நானும் எழுதியிருப்பேன். நட்ட கன்று பட்டுப்போனால் எந்த அலுவலகமும் திடுக்கிட்டதில்லை. ஆனால் எனக்கு விதி தெரியும்.

"பிடுங்காதீங்க. அரசாங்கக் கன்று, பிடுங்கினா குற்றம். தப்பு என்னுது. நான் எழுதித் திருத்திடறேன். ஒரு வாரம் பொறுங்க."

அவள் கையை எடுத்தாள். "நீங்க எழுதினா சரி" என்றாள்.

எழுதினேன். 'என் அறிக்கையில் வனம் என்று வருமிடமெல்லாம் புஞ்சை எனத் திருத்தி வாசிக்கவும்' என்று ஒரு வரியில் எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யோவ், அவர் அதை மேடையில பேசிட்டார். பத்திரிகையில வந்துடுச்சு. இப்ப புஞ்சைன்னா, அவர் யாரோ ஒருத்தர் வயல்ல போய் மரம் நட்டாருன்னு ஆகும்."

"அதானே சார் நடந்தது?"

"நடந்தது வேற, கோப்பு வேற."

கடிதம் என்னவோ மேலே போனது. அதற்கு முன்பே என் அறிக்கை அங்கே போய்ச் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது. வனக் காவலர் ஒருவர் வந்து வரப்பில் பலகை நட்டார். இது வனமா என்ற விசாரணை முடியும்வரை நிலத்தில் எந்த மாற்றமும் கூடாது என்றது பலகை. முனியப்பா பட்டாவைக் காட்டினான். அது அவன் தாத்தா பெயரில் இருந்தது. பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். மனு கொடுத்தால் நிலம் விசாரணையில் இருப்பதால் பெயர் மாற்ற முடியாது. இந்த நடைமுறையை அவனுக்கு நான்தான் விளக்கினேன், மிகத் தெளிவாக.

ஆக அந்த வருடம் ராகி இல்லை. வாங்கின காளையை வாங்கின சந்தைக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஒரே நம்பிக்கை, கன்றுகள் சாகும் என்பது. மற்ற ஊர்களில் நான் நட்டவை எல்லாம் முறைப்படி செத்துக்கொண்டிருந்தன. இங்கே மட்டும் பிழைத்தன. மரம் வளர்க்கச் சம்பளம் வாங்கியவன், ஒரு ஆட்டுக்காரரிடம் போய், "அந்தப் பக்கமா கொஞ்சம் ஓட்டிட்டுப் போயேன்" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"புங்கந்தழைய ஆடு தொடாது சாமி. வேம்பத் தொட்டா ஃபாரஸ்ட் கார்டு ஆட்டப் புடிச்சுக்குவாரு. அப்பறம் நீங்க எழுதிக் குடுக்கணும்" என்றார் அவர். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குள் என் புகழ் பரவியிருந்தது.

அடுத்த மழைக்காலம் வந்தது. விசாரணை அதிகாரி வரவில்லை. அதற்கும் அடுத்த ஆண்டு வந்தார். வருவதற்குச் சில நாள் முன்பு, சானமாவிலிருந்து ஒரு யானை இறங்கி, பக்கத்து நிலங்களில் ராகியை மேய்ந்துவிட்டு, எங்கள் கன்றுகளுக்கிடையே நடந்து, ஒன்றைக்கூட மிதிக்காமல் திரும்பிப் போயிருந்தது. விசாரணை அதிகாரி தடத்தையும் அது போட்ட லத்தியையும் பார்வையிட்டார். 'மரங்கள் நன்கு வளர்ந்துள்ளன, யானை நடமாட்டம் உள்ளது' என்று குறித்துக்கொண்டார். முனியப்பா அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கணத்தின்படி அது இப்போது அடவிதான். ஐயா, இவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று நான் சொன்னேன். அது அவருடைய படிவத்தில் கேட்கப்படாத செய்தி.

நஞ்சம்மா மாந்தோப்புகளில் காய் பறிக்கப் போனாள். முனியப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லுடைக்கப் போனான். மாதம் ஒருமுறை சைக்கிளில் போய், பதில் இன்னும் வரவில்லை என்று தெரிவித்துவிட்டு வருவேன். முதலில் மோர் கொடுத்தார்கள். பிறகு தண்ணீர் கொடுத்தார்கள். அதன் பிறகு, உட்காருங்க என்று மட்டும் சொன்னார்கள். நினைவூட்டுக் கடிதம், அதற்கு மறு நினைவூட்டு, நேர்முகக் கடிதம் என்று விதியில் உள்ள எல்லாப் படியும் ஏறினேன். இன்று நான் எல்லா நடைமுறையும் அறிந்தவன் என்று பெயர் வாங்கியிருப்பது அந்த ஏற்றத்தில் கற்றதுதான்.

எங்கள் வீட்டில் இது சிரிப்புக் கதையாகிப் பல காலம் ஆகிறது. யாராவது ஒரு விண்ணப்பத்தை எழுதித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினால் என் மகள் பாய்ந்து பிடுங்கிக்கொள்வாள். "அப்பாகிட்ட குடுக்காதீங்க. கொல்லையைப் புலிக்கு எழுதி வெச்சுடுவார்" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவளுக்கு நான் யானைவரைதான் சொல்லியிருக்கிறேன்.

ஏனென்றால் அதற்குப் பிறகு பதில் வந்தது. மேற்படி நிலம் புஞ்சை எனத் தெரிய வருவதால் நிலத்தவர் பயிரிடத் தடையில்லை. மரங்களை வெட்டுவதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு, சைக்கிளை அந்த மாதிரி நான் மிதித்ததே இல்லை.

முனியப்பா வீட்டில் இருந்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கை வரை துணியில் சுற்றியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"கல்லு உருண்டுச்சு" என்றாள் நஞ்சம்மா.

"விரல்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

நான் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. படித்து முடித்ததும் நஞ்சம்மா கேட்டாள். "அப்ப, இனி ஓட்டலாங்களா?"

"ஓட்டலாம்."

"ஏரு புடிக்கத்தான் ரெண்டு கை வேணும். உத்தரவு புடிக்க ஒண்ணு போதும்" என்று சொல்லி, முனியப்பா இடது கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டான்.

"மரத்த?" என்றாள் அவள்.

"அதுக்குத் தனியா எழுதணும்மா. நான் எழுதறேன்."

"வேணாம் சாமி." கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்தவர் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு போதும் என்பதுபோலச் சொன்னாள். "நீங்க எழுதாதீங்க."

எழுதவில்லை. சில நாளில் மரங்கள் இல்லை. எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். ஏரை நஞ்சம்மா பிடித்தாள்.

அந்தப் பதிலில் கையெழுத்து விழுந்தது ஜூன் மாதம், விதைப்புக்கு முன்பு. பிறகு ஒவ்வொரு மேசையிலும் முறைப்படி தங்கி வந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அதன்மீது வரவு முத்திரை பட்டது, முனியப்பாவின் கைமேல் கல் உருண்ட திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை.