ஒற்றைச் சொல்லில் நிறுத்தத் தெரியாதவர்

விளக்கக்காரர் என்றோர் இனம் உண்டு, வாசகரே. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இருந்து நீங்களும் அவதிப்பட்டிருப்பீர்கள். நேரம் கேட்டால், மணிக்கூடு எப்படி ஓடுகிறது என்று தொடங்குபவர். குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த யுத்த காலக் கொழும்பில், அடையாள அட்டைக்கு அடுத்த பாதுகாப்பு வாயை மூடியிருப்பதுதான் என்றிருந்த நாட்களில், தமிழர் நிறைந்த வெள்ளவத்தைக்கு இப்படியொரு சண்முகலிங்கம் வாய்த்தார்.

கணினி நிறுவனமொன்றில் வேலை. வீட்டிலும் அதே பைத்தியம். தூங்கவைத்த கணினி குறித்த நேரத்தில் தானே விழிக்க வேண்டும், விழிக்கவில்லை. கணினிக்குள் இருக்கும் மணிக்கூட்டைக் கவனிக்கும் சிறு நிரலுக்கு ட்ரைவர் என்று பெயர். கணினியைத் தூங்கவைக்கும்போது அது அலாரத்தையும் சேர்த்து அணைத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த சண்முகலிங்கம் சாப்பாட்டு மேசையில் சொன்னார், சலூனில் சொன்னார், காலி வீதியில் இடியப்பம் வாங்க நின்ற முன்பின் தெரியாத மனிதரிடமும் சொன்னார். அந்த மனிதர் இடியப்பம் வாங்காமலே போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை கோளாறைத் திருத்தி, அலாரம் வைத்து, கணினியைத் தூங்கவைத்துவிட்டுக் காத்திருந்தார். கதவு தட்டப்பட்டது. பொலிஸ் சோதனை.

மனைவி பாலேஸ்வரி காதுக்குள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. கீழ் வீட்டு மனிசனைக் கொண்டுபோனவங்கள், இன்னும் விடேல்லை."

"அது எனக்குத் தெரியாதே? நீர் சொல்லித்தரோணுமே?" என்றார் சண்முகலிங்கம்.

அடையாள அட்டை சரி. பொலிஸ் பதிவு சரி. இன்ஸ்பெக்டர் வாசலுக்குத் திரும்பினார். இருண்டு கிடந்த கணினி அப்போதுதான் உறுமிக்கொண்டு விழித்தது.

"மே மொகத?" என்றார் இன்ஸ்பெக்டர். இது என்ன?

கொம்பியூட்டர் என்றால் போதாதா? ஆனால் சண்முகலிங்கத்துக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் தாமாகவே கேட்கிறார்! உடைந்த சிங்களத்தில் ஆசையோடு தொடங்கினார்: பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத்தான் கிடக்கும், உள்ளே மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும், நாங்கள் ஊரிலேயே இல்லாவிட்டாலும் குறித்த நேரத்தில் தன் வேலையைக் காட்டிவிடும், எல்லாம் நானே செய்தது.

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

பாலேஸ்வரி குறுக்கே வந்து நின்றாள். "சேர், எயாட்ட பிஸ்ஸு," மனிதருக்குப் பைத்தியம், என்று கைகூப்பினாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான் என்று சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது. அது நடிப்பில்லை என்பது இன்ஸ்பெக்டருக்கும் விளங்கியது. திரையில் ஓடிய எழுத்துகளைக் குனிந்து பார்த்தார், அந்த அம்மாவை இரக்கத்தோடு பார்த்தார், படியிறங்கினார்.

கண்டம் தப்பியது என்று கதவைச் சாத்தப் போனவள், பக்கத்தில் ஆளைக் காணாமல் எட்டிப் பார்த்தாள். சண்முகலிங்கம் படிகளில் ஓடிக்கொண்டிருந்தார்.

"சேர், நில்லுங்கோ சேர்! எனக்குப் பிஸ்ஸு இல்லை. பிழை ட்ரைவரிலதான்..."

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்களா? நல்லது. ஆனால் அந்தக் கோளாறை நான் மேலே விளக்கியபோது, "அது அப்படியல்ல, உண்மையில்..." என்று உங்கள் வாய் ஒரு தடவை திறந்து மூடியதே? எதற்கும் வீட்டில் யாரையாவது கொஞ்சம் சிங்களம் படித்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.